‘அது சொல்லுது’ மாப்பிள்ளை

கறுத்துப்போன வாழைப்பழம் ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் போனின் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார் மாப்பிள்ளை. முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். மூக்கு இருக்கிறது, நல்ல பெரிய மூக்குதான். ஆனால் அவர் அதை நம்புவதில்லை.

“இன்னும் ரெண்டு நாள் தாங்கும்னு அது சொல்லுது” என்று பழத்தைப் பத்திரமாகத் தட்டில் திரும்ப வைக்கிறார். பிறகு விரலில் வழிந்ததைக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்கிறார்.

கூடையை எடுத்துக்கொண்டு நாமே பொறுக்கிக்கொள்ளும்படியான ஆறு மளிகைக் கடைகள் அவருடைய மாமனாருக்கு. மாப்பிள்ளைக்கு அவற்றில் பதவி உண்டு, சாவி கிடையாது. சாவிக்கொத்து இன்னும் மாமனாரின் சட்டைப் பையில்தான் கனக்கிறது. அதை வாங்கிவிட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து தவியாய்த் தவிக்கிறார். சொந்த மூளையைக் காட்டி வாங்க முடியாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். வாடகைக்கு ஒன்றைப் பிடித்துவந்துவிட்டார்.

செயற்கை நுண்ணறிவு என்று முழுசாகச் சொல்ல வாய் வராது. ‘அது’ என்பார், ஏதோ சாமியைச் சொல்வதுபோல. எந்தச் சரக்கை வரவழைப்பது, எதை எங்கே அடுக்குவது, எல்லாம் அதுதான் சொல்லும். அவர் வாயால் உத்தரவு போட்டால் போதும், சரக்கு கேட்டு அதுவே ஆர்டர் அனுப்பிவிடும். கடை ஆட்கள் அவருக்கு ‘அது சொல்லுது’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் கேஷியர் பெண்ணிடம் ஓடிவந்தார். “சோப்பு அலமாரிகிட்ட ஒரு அம்மா காலையிலேர்ந்து நிக்கிறாங்களாம். வாங்க மனசில்லாம தயங்குறாங்கன்னு அது சொல்லுது. போய் தள்ளுபடி தர்றோம்னு சொல்லு!”

“சார், அது அட்டையில வெட்டி வெச்ச விளம்பரப் பொம்மை.”

“இருக்கட்டுமே. அது பார்வையில அவங்களும் கஸ்டமர்தான்.”

முதலில் ஒரு கடையில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாமே என்றாள் மனைவி. “ஸ்கேல் பண்ணணும். ஸ்கேல்னா என்னன்னு தெரியுமா உனக்கு?” என்று எகிறினார். “தெரியுமே, கோடு போடுறது” என்றாள் அவள். ஒரு கடையில் செய்யும் தப்பை ஆறு கடையிலும் ஒரே நேரத்தில் செய்வதற்குத்தான் அந்தப் பெயர் என்பது போகப்போகத் தெரிந்தது.

போன வாரம் வியாபாரம் படுத்துக்கொண்டது. மாமனாருக்குப் பதில் சொல்ல வேண்டுமே! காரணம் கேட்டுப் போனை வாயருகே வைத்துக்கொண்டு அதட்டினார்: “எனக்கு வெளக்கமா ஆறு கடைக்கும் வேணும். உடனே வேணும்!”

உடனே வந்தது. மறுநாள் ஆறு கடை வாசலிலும் வண்டி நிறைய விளக்கமாறு.

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் அசரவில்லை. “கடை சுத்தமா இல்லாததுதான் காரணம். அதை அது எவ்வளவு நாசூக்கா சொல்லியிருக்கு பாருங்க!” என்று எல்லோரையும் கூட்டிப் பெருக்க வைத்தார். வெட்கம் கெட்ட சமாளிப்பு. ஆனாலும் அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

அந்தக் குரலில்தான் மாமனார் மயங்கிப்போனார். முட்டியில் வலி, இனி ஆறு கடை ஏறி இறங்க முடியாது. நேற்று ஆபீஸ் அறையில், மகளும் கூட இருக்க, சாவிக்கொத்தை வெளியே எடுத்தார். மேசைமேல் விளக்கெரிய விழித்துக் கிடந்தது போன். மூலையில் விளக்கமாறுகள் சாத்தியிருந்தன.

“மாப்பிள்ளை, அது சொன்னா தப்பா இருக்காதுன்னு முழுசா நம்புறீங்கல்ல?”

“கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம், மாமா.”

“சரி, உங்க பொறுப்பு” என்று மாமனார் சாவியை நீட்டினார். மாப்பிள்ளையின் கை பாதி தூரம் போய்விட்டது.

“ஆனா இந்த வயசுல எனக்கு எதுவும் சட்டுனு ஏற மாட்டேங்குது. அது என்னதான் பண்ணுதுன்னு ஒரு தடவை வெளக்கமா...”

சாவிக்கு நீண்ட கை வெடுக்கென்று திரும்பி, போனின் வாயைப் பொத்தியது.

மகள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமனார் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். சாவிக்கொத்து திரும்பச் சட்டைப் பைக்குள் போனது. மாப்பிள்ளை மட்டும் கையை எடுக்கவே இல்லை.