தள்ளிச் சேர்த்த புண்ணியம்

போலியோவில் போனது என் கால்கள்தான். கைகள் இரண்டும் நன்றாகவே இருந்தன. இது எங்கள் தெருவில் யாருக்கும் உறைத்ததே இல்லை.

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்திலிருந்து திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் பாதயாத்திரை போன எங்கள் தெருக்காரர்களோடு நானும் கிளம்பினேன். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. பல மாதங்களாக ஊரப்பாக்கம் வரை போய்த் திரும்பிப் பழகியிருந்தேன். ஒரு நெடுந்தூரத்தை என் கையாலேயே கடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பக்தி கொஞ்சம் கம்மிதான்.

பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். வண்டாலூர் வரை ஒருவர், கண்டிகை வரை இன்னொருவர் என்று முறை வைத்துத் தள்ளினார்கள். வேண்டாம் என்றேன். கூட்டத்துக்குத் தலைவரான மளிகைக்கடைக்காரர், "கம்முனு குந்திகினு வா சாமி. உன்ன தள்னா எங்களுக்குப் புண்ணியம்" என்றார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்களே, அப்படி. தேங்காய் நான்.

பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். "சக்கரம் டைட்டா கீது" என்று இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினார்கள். மாம்பாக்கத்தில் ஒருவர் என் சூம்பிய காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் காலை அவர் ஒரு நாளும் ஏறெடுத்துப் பார்த்தவரில்லை.

கேளம்பாக்கத்தில் டீக்கடையோரம் நிறுத்தினார்கள். சமையல் பாத்திரங்களோடு வந்த டெம்போவில் வண்டியோடு என்னை ஏற்றப்போவதாகச் சொன்னார் தலைவர். "டைம் ஆய்ப்போச்சு. நீ இம்மாந்தூரம் வந்ததே பெருசு. முருகன் ஒத்துக்குவாரு."

"யாரும் வண்டியத் தொடாதீங்க" என்றேன். வண்டியைத் திருப்பினேன்.

"சாமி பாக்காம போனா குத்தம்பா" என்று பின்னால் குரல் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெயில், லாரிப் புழுதி, உள்ளங்கையில் கொப்புளம். மாம்பாக்கம் ஏற்றத்தில் வண்டி பின்னால் சறுக்கியது. திரும்பத் திரும்பச் சுற்றி ஏறினேன். தள்ள ஒருவரும் இல்லை. தனியாகப் போகிறவனைத் தள்ளினால் பார்க்க ஆளில்லையே.

இருட்டிய பிறகு வீடு வந்தேன். டெம்போவில் எனக்கு முன்பே வந்துவிட்ட தலைவர், விபூதிப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்து, கேளம்பாக்கம் வரை என்னைத் தள்ளிக்கொண்டு போன கதையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அம்மா என் கைகளைப் பார்த்தாள். "எது வரைக்கும்டா போன?"

"எங்கயும் போகலம்மா. கேளம்பாக்கத்துலேர்ந்து நம்ம வீட்டுக்கு வந்தேன்."