பெயர் சொல்லாத அரசியல் அறிஞர்

ஜெர்மனியின் பான் நகரில், அமெரிக்கக் கட்சிகளைப் பற்றிப் பேச எங்கள் தமிழ் மாணவர் சங்கம் அந்த அரசியல் அறிஞரை அழைத்திருந்தது. நரைத்த குட்டை முடி. பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். தேர்தலில் வெல்லப்போவது யார் என்று மட்டும் எங்கும் சொல்லமாட்டார்.

"ஒரு பேர் சொல்லுங்கோ அக்கா. இல்லாட்டி அடுத்த வருசம் கூப்பிட ஏலாது," என்றார் சங்கத் தலைவர், மேடையிலேயே.

"கூப்பிடாதேங்கோ தம்பி. அங்கை கட்சிக்குள்ள நடக்கிற தேர்தலுக்கு வாற கொஞ்சச் சனம்தான் வேட்பாளரைத் தெரிவுசெய்யுது. மிச்சச் சனம் ஏன் வரேல்லை எண்டுதான் நான் கதைப்பன். குதிரைப் பந்தயத்துக்கு வேறை ஆளைப் பிடியுங்கோ."

பாதி அரங்கு எழுந்து போனது. எஞ்சியவர்களுக்கு அவர் குரல் தாழாமல் ஒரு மணி நேரம் பேசினார்.

அவரை மீண்டும் அழைப்பதா என்று சங்கம் வாக்கெடுத்தபோது ஒன்பது பேரே வந்தார்கள். வேண்டாமென ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவானது. அன்று நான் போகவில்லை.