பூஜ்யம் கூப்பிட்ட ஆட்கள்

கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதிப் பிழைப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: நாம் சொல்ல மறந்ததையும் அது ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பட்டவர்களுக்கு இது புரியும். எண்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தபோது நான் பட்டதைச் சொல்கிறேன்.

மைக் செட்டுக்காரர்

கார்த்திகை தீபத்தன்று, கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில், கூட்டத்தில் தொலைந்தவர்களைச் சேர்த்துவைக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். விளம்பரமாக இருக்கட்டும் என்று எங்கள் முதலாளி ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் அங்கே வைத்தார். ப்ரோக்ராம் நான் எழுதியது, சி மொழியில். ஒரு ஆளுக்கு மூன்று நிலை: காணோம், கிடைத்தார், சேர்ந்தார். இப்படி வரிசையாகப் பெயர் வைப்பதை ‘எனம்’ என்போம். மெஷினுக்குள் அவை வெறும் பூஜ்யம், ஒன்று, இரண்டு. எண்ணைப் பார்த்து அதற்குரிய அறிவிப்பை எடுத்துத் தருவது ‘ஸ்விட்ச்’. பூஜ்யம் என்றால், ‘காணோம், உடனே பந்தலுக்கு வரவும்.’

யாரையும் பதியாத காலி இடத்திலும் பூஜ்யம்தான் இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. மத்தியானம் பிரிண்டர், பெயர் இல்லாமல் வயது இல்லாமல் ‘காணோம்’ என்று அடித்துத் தள்ளியது. மைக் செட் தங்கவேலு அதை அப்படியே படித்தார்: “பேர் இல்லாதவர், வயசு இல்லாதவர், உங்களைத் தேடுறாங்க, உடனே பந்தலுக்கு வாங்க.” பதறிக்கொண்டு ஓடினேன். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்: “தாள்ல வர்றதைப் படிக்கத்தான் சார் என்னை வச்சிருக்காங்க. ஆளு இருக்குதா இல்லையான்னு நீங்கதான் பாக்கணும்.”

வந்து நின்றவர்கள்

சிரித்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள், தனியாக வந்தவர்கள். பந்தல் ஓரத்தில் நின்றார்கள். பெயர் கேட்டால் சொன்னார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் மைக்கைக் காட்டினார்கள். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு அம்மாள் மட்டும் மெதுவாக வாய் திறந்தார்: “கூப்பிட்டீங்களேன்னு வந்தேன். யாரு தேடுறாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, போயிடறேன்.”

மும்தாஜ் அக்கா

திருத்துவது சுலபம். வரிசையின் தலையில் ‘யாருமில்லை’ என்று ஒரு நிலையைச் சேர்த்து, அதற்கு ஸ்விட்ச் ஒன்றும் சொல்லாமல் விட்டால் போதும். உட்கார்ந்தேன். வளையல் கடை மும்தாஜ் அக்கா வந்து கீபோர்டின்மேல் கையை வைத்தார். காலையிலிருந்து அவருடைய அத்தாவை, வயதான அப்பாவை, காணோம். பெயர் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. “நிறுத்தாதீங்க தம்பி. அத்தாவுக்கு அவரு பேரே மறந்துபோச்சு. பேர் சொன்னா வேற யாரையோ கூப்புடுறாங்கன்னு இருந்துடுவாரு. இதுக்குத்தான் வருவாரு.”

வழி தெரியாதவர்

தப்பென்று தெரிந்தே விட்டுவைத்தேன். தங்கவேலு திரும்பத் திரும்பப் படித்தார். ஓரத்தில் நின்றவர்கள் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் வரவில்லை.

மலைமேல் தீபம் ஏற்றும் நேரம். எல்லோரும் உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, ஒரு பெரியவர் மட்டும் பந்தலை நோக்கி நடந்து வந்தார். அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பெரியவரின் வலது கை மட்டும், யாருடைய கையையோ பிடித்திருப்பதுபோல நீட்டியபடியே இருந்தது. அந்தப் பக்கம் ஒருவருமில்லை. “நாங்க கூப்பிட்டது கேட்டுச்சா அத்தா?” என்றார் அக்கா. அவர் அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: “என்னைக் கூப்பிடலையேம்மா, இவரைத்தானே கூப்பிட்டாங்க. வழி தெரியாம நின்னுட்டிருந்தாரு, கூட்டிட்டு வந்தேன்.”

அதற்குப் பிறகு எந்த ப்ரோக்ராமிலும் பூஜ்யத்தை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.