பன்னிரண்டாவது குடும்பம்

றிஸ்பா உருவாக்கிய குடும்பங்களில் எவருக்கும் முகம் கிடையாது. வவுனியாவில் வீட்டுதவி வழங்கும் ஓர் அலுவலகத்தில், யாருக்கு வீடு என்று தீர்மானிக்கும் கணினி நிரலைச் சோதிப்பது அவளது வேலை. பைதன் என்ற கணினி மொழியின் சோதனைக் கருவியில் ஒவ்வொரு குடும்பத்தையும் வரிவரியாக எழுதுவாள்: கணவனைக் காணாத பெண், பிறப்புச் சான்றிதழ் எரிந்துபோன முதியவர். நிரல் சொல்லவேண்டிய பதிலையும் கீழே எழுதுவாள். அதையே சொன்னால் சித்தி, அதாவது தேர்ச்சி; இல்லாவிட்டால் பிழை. கொழும்பு அனுப்பிய மாதிரிக் குடும்பங்களிலோ தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், மாறாத முகவரி. வன்னியில் அப்படியொரு குடும்பத்தைக் கண்டவர் கை தூக்கட்டும்.

பன்னிரண்டாவது குடும்பத்துக்காக அவள் எங்கும் அலையவில்லை. தன் வாப்பா அப்துல் மஜீதையே எழுதினாள். முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் பதின்மூன்று வருடம் ஓலைக்குடிசையில் கிடந்தவர். சமாதானம் என்றதும் திரும்பி வந்து, கூரையில்லாத சுவர்களுக்குள் தறப்பாள் கட்டிக்கொண்டு வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தார்.

அவள் எழுதிய பதில் ‘உரியவர்’. நிரல் சொன்னது ‘ஊரவரல்லர்’. தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் பதிவில் பெயர் இருந்தால்தான் ஊரவராம். விரட்டப்பட்டவன் பெயர் அதில் எப்படி இருக்கும்? விதி எழுதிய புத்திசாலிகளுக்கு அது உறைக்கவில்லை.

பொறுப்பாளர் யோகலிங்கம் கெட்டவரில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அவள் பிழையைக் காட்டியபோது, விதியை மாற்ற மாதக்கணக்காகும், சோதனை அறிக்கையோ நாளைக்கே கொழும்புக்குப் பிழையில்லாமல் போகவேண்டும் என்றார்.

“உந்தக் குடும்பத்தை இப்போதைக்கு மறைச்சு விடுங்கோ, றிஸ்பா. அவையளைப் பிறகு கையால பாப்பம்.”

அந்தப் பிறகு வராது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளது வேலை ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது, புதுப்பிப்பவர் அவர். வாப்பாவின் குடும்பத்தை எழுதிய பதினான்கு வரிகளுக்கு முன்னாலும் # குறி இட்டாள். அந்தக் குறி இட்ட வரியைக் கருவி ஏறெடுத்தும் பாராது. ஓட்டினாள். எல்லாம் சித்தி. தன் கையையே வெட்டி எறியலாம் போல அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மஜீத், வீட்டு விண்ணப்பத்துக்கு வந்த பதில் கடிதத்தோடு பஸ் ஏறி வவுனியாவுக்கு வந்தார். ‘ஊரவரல்லர்’ என்று அதில் அச்சடித்திருந்தது.

“கொம்பியூட்டரை நல்லாச் சோதிச்சதுதானே, மகள்?”

“ஓம் வாப்பா. நான்தான் சோதிச்சனான்.”

மேன்முறையீட்டுக்குப் பத்து நாள் இருக்கிறது, எழுதிப் போடலாம் என்று அவசரமாகச் சொன்னாள். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நீ சோதிச்சதைப் பிழையெண்டு நான் எழுதுறதோ? வேலையிடத்தில உனக்கு மரியாதை இல்லாமப் போயிரும். வேண்டாம்.”

சோதனையில் அவரை மறைத்தவள் தானேதான் என்ற உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள்.