திண்டுக்கல்லில் ஒரு கடற்கரை

எங்கள் தெருமுனையில் வீடு கட்டக் கொட்டியது கடல் மணல் என்று தெரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டார்கள். மணலுக்குக் காவலாக ஒருவர் மட்டும் மிஞ்சினார். ராமநாதபுரத்துக் கடலோரத்துக்காரர். அலை வந்துவிடும் என்பதுபோல் எந்நேரமும் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருப்பார். மழைக்குப் பின் மணல் முழுக்க நெருஞ்சி மஞ்சளாகப் பூத்தது. தினமும் குடத்தில் கல்லுப்பைக் கரைத்து அதற்கு ஊற்றினார்.

ஒருநாள் காலையில் பஸ்ஸுக்காக அந்த மணல் வழியே குறுக்கே போன என்னை மறித்தார்.

“செருப்பக் கழட்டுங்க சார். கடக்கரையில யாராச்சும் செருப்போட நடப்பாகளா?”

“அண்ணே, இது நெருஞ்சி. முள்ளு குத்தும். நம்மூருப் பொட்டல் அம்புட்டுலயும் இதுதான கெடக்கு?”

“அது சூரியனப் பாத்துத் திரும்புற நெருஞ்சி. இது கடக்கர நெருஞ்சி சார். கடல் இருக்குற கெழக்குப் பக்கந்தான் பாக்கும். நீங்களே பாருங்க.”

அத்தனை பூவும் கிழக்கேதான் பார்த்தன. சூரியனும் அங்கேதான் இருந்தது.

“சாயங்காலம் எங்க பாக்கும்?”

“சாயங்காலம் தூங்கிரும் சார்.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து, உள்ளங்காலில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கினேன். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அதை நாக்கில் வைத்தேன்.

உப்புக் கரித்தது.