ஐந்து டப்பாச் சளி

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லைப் பார்த்துவிட்டு வாலையும் தூக்கிப் பார்க்கிற ஆள். எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதிலி ஆளாகச் சேர்ந்தேன். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். தொண்டையில் ஒட்டிய பஞ்சுத் தூசி அதோடு இறங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். முதலாளி சும்மா இனிப்புக் கொடுப்பாரா? நான் முதலில் முகர்ந்து பார்ப்பேன். முன்னால் தின்றவன் நன்றாக நடக்கிறானா என்று கவனிப்பேன். பிறகுதான் வாயில் போடுவேன்.

கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாங்கள் ஐந்து பேர் ஒரு அறையில் இருந்தோம். ஆறாவது ஆள் கான்சாபுரத்துக்காரர். எங்களைவிட மூத்தவர், அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அவருக்கு ஊர் பக்கம்தான், ஆனால் விடிகாலையில் மில்லுக்கு லோடு ஏற்ற வருவதற்குப் பஸ் கிடையாது என்று எங்களோடு தங்கியிருந்தார்.

அந்த அறையில் உடம்பைக் காப்பாற்ற நாங்கள் செய்யாத வேலை இல்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்போம். மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு மிஷினில் நிற்போம். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்ப்போம். ஊரில் காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் உண்டு. இங்கே பதிலி படுத்தால் மறுநாளே அவன் இடத்தில் இன்னொரு பதிலி நிற்பான். அதனால் உடம்பு சரியில்லை என்று யாரும் வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது எங்கள் சட்டம். பஞ்சு எல்லோர் நெஞ்சிலும் கரகரத்துக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதல். என் பெரியப்பா இருமி இருமியே போய்ச் சேர்ந்தவர். எனக்கும் அதுதானோ என்ற பயத்தை நான் கூட்டாளிகளிடம்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் சுகாதாரத் துறை ஆட்கள் மில் வாசலுக்கு வந்தார்கள். ரொம்ப நாளாக இருமுகிறவர்கள் யார் என்று கேட்டார்கள். மேஸ்திரி எங்கள் ஐந்து பேரையும் கைகாட்டிவிட்டார். பெயர் ஒட்டிய சின்ன டப்பாவை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, காலையில் எழுந்ததும் வருகிற சளியை அதில் துப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள்.

"ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம். நம்மளுக்கு டி.பி.ன்னு எழுதிக் கழிச்சு விடத்தான் இம்புட்டு ஏற்பாடு" என்றேன். மற்றவர்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வேறு யாராவது நல்ல உடம்புக்காரன் துப்பினால் என்ன என்று யோசித்தோம். அண்ணாச்சி கண்ணெதிரே இருந்தார்.

பஞ்சுப் பொதியை முதுகில் ஏற்றினால் மலைபோல நடப்பார். தூசிக்குள் வேலை இல்லை. பகலில் ஒரு தும்மல்கூடக் கேட்டதில்லை. விடிந்ததும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று காறுவார் பாருங்கள், தெருவே அதில்தான் எழுந்திருக்கும். எல்லாம் பீடிச் சளி என்பார். வெல்லத்தையே நம்பாத நான் அதை நம்பினேன்.

"அண்ணாச்சி, எங்க டப்பாவுல கொஞ்சம் துப்பித் தாங்க."

வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏலே, பாலு கேப்பாங்க, மோரு கேப்பாங்க. சளி கேட்டு வந்தது நீங்கதாம்லே." சிரித்துக்கொண்டே ஐந்து டப்பாவிலும் துப்பிக் கொடுத்தார்.

சில நாள் கழித்து எங்கள் ஐந்து பேரையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முடிவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி முடிவைப் பார்த்தார். "அஞ்சு பேருக்கும் டி.பி. இருக்கு" என்றார். ஒருவன் அங்கேயே அழ ஆரம்பித்தான். பார்த்தாயா, கழித்துக்கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று நான் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அது எங்கள் சளியே இல்லை.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். பெரியப்பாவின் நோய் எனக்கு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அடுத்த நொடி இன்னொன்று நினைவுக்கு வந்தது. தினமும் நான் படுப்பது அண்ணாச்சியின் பாய்க்குப் பக்கத்தில்.

உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா திட்டிய திட்டில் வராண்டாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புது டப்பா கொடுத்து, எதிரே நின்று எங்களைத் துப்ப வைத்தார். கடைசியில் குரல் இறங்கியது. "இருமல் இருக்கிறவங்களைத்தான் நாங்க கேட்டோம். நீங்க ஒழுங்கா துப்பியிருந்தா அந்த ஆள் எங்க கண்ணுலயே பட்டிருக்க மாட்டார். கையோட கூட்டிட்டு வாங்க."

அறைக்குத் திரும்பி அண்ணாச்சியிடம் நான்தான் சொன்னேன்.

"நான் இருமி நீ பாத்திருக்கியாலே?"

"காறிப் பாத்திருக்கேன் அண்ணாச்சி."

கையிலிருந்த பீடியைத் தரையில் நசுக்கினார். "மில்லுல சொல்லிருவியளோ?" என்றார். மாட்டோம் என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த தடவை ஆறு பேரும் போனோம். எங்கள் ஐவருக்கும் ஒன்றுமில்லை, பஞ்சுத் தூசிதான். அண்ணாச்சிக்கு மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது, இருமினால் வாயைத் துண்டால் மூட வேண்டும் என்றார் டாக்டரம்மா. எங்களிடமும் திரும்பி, இது இருமுகிற காற்றில்தான் பரவும், சேர்ந்து சாப்பிடுவதில் இல்லை என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அண்ணாச்சி பால்கோவா வாங்கினார். பொட்டலத்தைப் பிரித்து எங்களிடம் நீட்டினார். அறையில் அவர் தட்டில் கை போட்டுத் தின்று பழகிய நாங்கள் ஐந்து பேரும் மதுரை பஸ்ஸை வேடிக்கை பார்த்தோம். டாக்டரம்மா சொன்னதிலும் ஏதாவது ஓட்டை இருக்குமோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"ஏலே, எஞ்சளிய டப்பா நீட்டிக் கேட்டு வாங்குனியளே. இத வாங்க மாட்டியளாக்கும்?"

நான் ஒரு விள்ளல் எடுத்தேன். முகர்ந்து பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டேன்.