கதவு நிலையில் ஒரு பெயர்

எங்கள் வீட்டில் சோளக்கதிர் உரிப்பது, தங்கியிருக்கும் பேஸ்பால் ஆட்டக்காரப் பையனின் வேலை. வந்த புதிதில் ஒரு நாள் கெண்டல் ரோர்க் சமையலறை மேசையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தான். இடது கையால் மட்டும்.

"என்ன மகாராசா, வலது கைய பேங்க் லாக்கர்ல வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றார் என் கணவர் லாயிட்.

"ஆமா சார். சாவி டீம்காரங்ககிட்ட இருக்கு."

மூவரும் சிரித்தோம். அவன் பந்து வீசுகிற கை அது.

மிசிசிப்பிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் அணி, பெரிய பேஸ்பாலுக்குப் போகிற ஏணியின் கீழ்ப்படி. சம்பளம் சொற்பம் என்பதால் பையன்களை ஊர்க்காரர்கள்தான் வீட்டில் வைத்துச் சோறு போடுவோம். வருகிறவர்கள் பெரும்பாலும், பெரிய அணிகள் வருஷாவருஷம் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்கள். கெண்டலோ அந்த வருஷம் நாடு முழுக்கத் தேர்வானவர்களில் ஐந்தாவது. ஜார்ஜியாவில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவன்.

மேல்படிக்கு அழைப்பு வந்த பையன், கிளம்புகிற காலையில் எங்கள் துணி துவைக்கும் அறையின் கதவு நிலையில் பெயர் எழுதிவிட்டுப் போவான். கெண்டல் வந்து இறங்கிய அன்றே லாயிட் மார்க்கர் பேனாவை எடுத்து எல்லாப் பெயருக்கும் மேலே அவன் பெயரை எழுதிவிட்டார்.

"போறதுக்கு முன்னாடி எழுதலாமாங்க?" என்று கேட்டேன்.

"போடி. இவன் ஜூலையத் தாண்ட மாட்டான், அதுக்குள்ள மேல கூப்பிட்டுருவாங்க."

முதல் கோடையில் அவன் வீச வந்தாலே வலைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டத்தை எடைபோடும் பெரிய அணி ஆட்களின் கையில் வேகம் அளக்கிற கருவிகள் வரிசையாக உயரும். ஆகஸ்டில் ஓர் ஆட்டத்தின் நடுவே முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஒரு மாதமாகவே வலி இருந்திருக்கிறது.

"சொல்லியிருக்கலாமேப்பா," என்றேன்.

"யாருகிட்ட, மிஸ் வெர்னா? எல்லாரும் பாக்கத்தானே வந்திருந்தாங்க."

அறுவை சிகிச்சை, அப்புறம் ஃப்ளோரிடாவில் ஒரு வருஷம் பயிற்சி. அதற்கடுத்த கோடையில் அதே மாடியறைக்குத் திரும்பி வந்தான். என்ன உணவு பிடிக்கும் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வலைக்குப் பின்னால் வந்தவர்கள் கருவியை மடியில் போட்டுக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்தார்கள். அவன் பந்தை எதிரணிப் பையன்கள் சுலபமாக வேலிக்கு வெளியே அடித்தார்கள். இரவில் ஐஸ் பையைக் கையில் கட்டிக்கொண்டு, "இன்னிக்கு இறுக்கம் மட்டுந்தான்" என்பான். வலி என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் மேலாளர் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். பெட்டியைக் கட்டிப் படிக்கட்டடியில் வைத்துவிட்டு, மேசையில் குவித்திருந்த கதிர்கள் முன் உட்கார்ந்தான்.

"விடுப்பா, நான் பாத்துக்கறேன்."

"என் வேலைதானே, மிஸ் வெர்னா."

இந்த முறை வலது கையால் உரித்தான். ஒரே இழுப்பில் தோல் அத்தனையும் வந்தது. இனி அந்தக் கையைப் பொத்திப் பாதுகாக்க வேண்டியதில்லை. லாயிட் எதிரே உட்கார்ந்து, விழுந்த தோலையெல்லாம் வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசிக் கதிரை வைத்துவிட்டு கெண்டல் கேட்டான்: "சார், கதவுல இருக்கிற என் பேரு… நானே அழிச்சுட்டுப் போகட்டுமா?"

லாயிட் மேசையில் ஒட்டியிருந்த நாரைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.